செவித்திறன் இயல்பு

அபாய மணி இருந்த இடத்துக்கும் அவள் கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் ஆறடி தூரம்கூட இல்லை. குளிர்பதனக் கிடங்கின் வாசலில், சுவரில் பதித்த சிவப்பு மணிக்கு நேர் கீழே, பட்டப்பகலில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார் மனிதர். உள்ளே ஏதோ குழாய் கசிந்து, வேலை செய்தவர்களெல்லாம் இருமிக்கொண்டே பின்வாசல் வழியாக ஓடி, தெருமுனைவரை கூட்டம் கூடி, தீயணைப்பு வண்டி அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் தலையை நிமிர்த்தினார். "என்ன சார், யாருக்கு என்ன ஆச்சு?" என்று தீயணைப்புக்காரரையே விசாரித்திருக்கிறார்.

பன்னிரண்டு வருடக் காவல்காரர் வேலை மறுநாள் காலையோடு முடிந்தது.

"மணி ரிப்பேரு. எவன் சரியா பராமரிக்கிறான்?" என்றார் வீட்டுக்கு வந்து.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சொல்லி என்ன பயன்? சொல்வதென்றால் அவருக்கு எதிரே போய் நின்று, முகத்தைக் காட்டி, உதட்டை அசைத்துச் சொல்ல வேண்டும். அந்த நேரம் அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரியே இல்லை.

அவர் இருபத்திரண்டு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பீரங்கி'தான். அந்தப் பீரங்கிகள் அவர் காதைத் தின்றுவிட்டன என்பது வீட்டில் அவளுக்குத் தெரியும், கல்யாணமாகிப் போன மகளுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான். அதாவது, தெரியாத மாதிரி இருப்பவர். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் படிப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர். உதடு தெரியாத இடத்தில் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், "அதானே!" என்று ஒரு சொல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இருபது வருடமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. முன்பதிவுக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருடம். அங்கே டிக்கெட் எடுக்க வந்த பழைய படைவீரர் ஒருவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார், பணியில் காது போனவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு, காதுக் கருவியும் இலவசமாகத் தருகிறார்கள் என்று. அவருக்குச் சில்லறை கொடுக்க மறந்து, பின்னால் நின்ற வரிசையிடம் திட்டும் வாங்கி, அன்று மாலையே விண்ணப்பத்தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"இது யாருக்கு?" என்றார் பீரங்கி.

"உங்களுக்கு."

"எனக்கெதுக்கு? எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு."

"ஆமா, இருக்கு. முகத்துக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். மகள் தொலைபேசியில் அழுதாள். அதாவது அழுகிறாள் என்று இவள் அவருக்கு எடுத்துச் சொன்னாள். கடைசியில், "உன் நச்சரிப்புத் தாங்கல" என்று கையெழுத்துப் போட்டார்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் குமாஸ்தா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது அவர் சுபாவத்திலேயே இல்லை. முதல் நாள், படையிலிருந்து விடுவித்த சான்றின் நகல் வேண்டும் என்றார். கொண்டுபோனாள். நகலில் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டு போனாள். சான்றொப்பம் பச்சை மையில் இருந்திருக்க வேண்டும் என்றார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்?"

"முதல் நாள் நீங்க கேக்கலியேம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் கவுண்டர்காரிதான். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தால் வெளியே நிற்பவன் எல்லாம் ஒரே முகமாகத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும், வயசானவர் யாராவது வந்தால், ஊர், தேதி, வயசுச் சான்று என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறவள் அவள். நாளைக்கு வா என்று சொல்ல அவளுக்கும் வாய் இருந்தது. சொன்னதில்லை. அதை நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

நான்கு நடைக்குப் பிறகு மருத்துவக் குழுவின் தேதி கிடைத்தது.

குழு என்று பெயர்தானே தவிர, அறையில் இருந்தது ஒரே ஒரு டாக்டர். இளம்பெண். செய்தி வாசிப்பவர் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, உதட்டை அழகாகத் திறந்து மூடிப் பேசினார். அதைப் பார்த்ததுமே காரியம் கெட்டது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. பீரங்கியின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு டாக்டர். ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை."

"இங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்ல. நாப்பத்தஞ்சு நிமிஷம். ஜன்னல் சீட்டு."

"என்ன பிரச்சனை உங்களுக்கு?"

"எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல டாக்டர். வீட்டம்மாதான் வீணா கவலைப்படுறாங்க."

விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, அணிவகுப்பில் அதிகாரிக்குப் பதில் சொல்கிறவர் போல, கேட்டதற்கெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னார். டாக்டர் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். தலைகீழாக இருந்தாலும் எழுத்தைப் படிக்க அவளுக்குத் தெரியும். கவுண்டர் வேலை கற்றுக்கொடுத்த வித்தை. 'இயல்பான உரையாடலைச் சிரமமின்றிக் கேட்கிறார்' என்று வந்துகொண்டிருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர். எழுதாதீங்க. அவரையே பார்த்துக்கிட்டு இருங்க, போதும்."

சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போகிறவள் மாதிரி நடந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க," என்றாள், நல்ல சத்தமாகவே. "வெளியில உங்க செருப்பை எவனோ தூக்கிக்கிட்டுப் போறான்."

பீரங்கி அசையவில்லை. டாக்டரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார்.

"உங்க தம்பிக்குக் கொடுத்த பணம் வட்டியோட திரும்பி வந்துடுச்சு."

அதற்கும் அசைவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிரூபிக்க அது போதும். ஆனால் நான்கு நடையும், பச்சை மையும், வாயு கசிந்த கிடங்கும், ரொட்டியும் முட்டையும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டன.

"ஏய்யா மனுஷா! உன்னைக் கட்டிக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு நாளாவது அடுப்படியில இருந்துக்கிட்டே உன்கிட்டப் பேசக் குடுத்து வச்சிருக்கா? உப்பு வேணும்னாலும் நான்தான் நடந்து வந்து மூஞ்சியைக் காட்டணும். குளியலறையில வழுக்கி விழுந்து கால் பிசகிக் கிடந்தேனே, எத்தனை நேரம் கூப்பிட்டேன் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவை ஒடைச்சா. நீ ஹால்ல உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கிட்டு இருந்தே. அவளைப் பாத்து, 'வாங்க, வாங்க, அவ குளிக்கிறா'ன்னு சொன்னியாம்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பீரங்கி, தானும் சந்தோஷமாகச் சிரித்து, "அதானே டாக்டர்!" என்றார்.

டாக்டரின் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். பீரங்கியின் முகத்தில் இன்னும் மிச்சமிருந்த அந்தச் சிரிப்பையும், அவருக்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தார்.

"பக்கத்து ரூம்ல காதைச் சோதிக்கிற கருவி இருக்கு. கூட்டிட்டு வாங்க," என்றார் அவளிடம்.

கருவிக்கு உதடு இல்லை. கால் மணி நேரத்தில் அது உண்மையைச் சொல்லிவிட்டது. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். பீரங்கி அந்தக் கோடு போட்ட காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இனிமேல் பணம் வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு மாதம் கழித்துக் குமாஸ்தா கூப்பிட்டு அனுப்பினார்.

"நிராகரிச்சுட்டாங்கம்மா."

"என்னது? காது கேக்கலன்னு உங்க டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்களே!"

"காது கேக்கலங்கறது சரி. அது எப்பப் போச்சுங்கறதுதான் கேள்வி." கோப்பைத் திருப்பிக் காட்டினார். படையிலிருந்து விடுவித்தபோது செய்த மருத்துவப் பரிசோதனையின் தாள். 'செவித்திறன்: இயல்பு' என்று எழுதி, கீழே அவள் கணவரின் கையெழுத்து. "இது மட்டுமில்ல. அதுக்கு முந்தின ஆறு வருஷமும் இயல்புன்னுதான் இருக்கு. அப்ப வேலையை விட்டு வந்தப்புறம், வயசாகிப் போயிருக்குன்னு அர்த்தம். வயசுக்கு நாங்க உதவித்தொகை தர முடியாதுல்ல?"

"வந்தப்பவே அவருக்குக் கேக்காது சார். ரயில்ல இருந்து இறங்கினவரைப் பின்னாலயே ஓடிப்போய்த் தோளைத் தட்டித்தான் நான் நிறுத்தினேன்."

"அதுக்குச் சாட்சி?"

"நான்தான் சாட்சி."

"மனைவி சாட்சி செல்லாதும்மா. அப்பக் கூட வேலை செஞ்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா மேல அனுப்பலாம்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பொய்யா ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

பீரங்கி எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார்.

வருடா வருடம் காதுச் சோதனை நடக்கும். கண்ணாடி வைத்த கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வெளியே கருவியை இயக்குகிறவன் மருத்துவ உதவியாளன். எல்லோரும் 'மருந்துப்பெட்டி' என்று கூப்பிடுகிற பையன். பீரங்கிக்குத் தம்பி மாதிரி. பதினாறாவது வருடம் காது பாதி போயிருந்தது. அப்போது வெளியே அனுப்பியிருந்தால் முழு ஓய்வூதியம் கிடைக்காது. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அதனால் மருந்துப்பெட்டி ஒவ்வொரு ஒலிக்கும் கண்ணாடிக்கு வெளியே பென்சிலைத் தூக்குவான். இவர் பொத்தானை அழுத்துவார். இப்படி ஆறு வருடம்.

"சரி. கடைசிப் பரிசோதனையிலயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல? அதான் வேலை முடிஞ்சு போச்சே?"

"போன வருஷம் கேட்ட காது இந்த வருஷம் எப்படிச் செவிடாச்சுன்னு கேப்பாங்க. நோண்டினா அவன் மாட்டுவான். அவனுக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்துச்சு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்றதில்லன்னு வச்சுக்கிட்டேன். சொல்லாமலே இருந்து இருந்து, அப்படியே பழகிப்போச்சு."

இருபது வருடமாகத் தற்பெருமை என்று நினைத்து அவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் அதில் பாதி வேறு எதுவோ. அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

"உங்க சிநேகிதனைக் காப்பாத்துறதுக்கு என் தொண்டையை அடகு வச்சீங்களா? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?"

"அவன்கிட்டப் போய் எதுவும் கேக்காதே," என்றார் பீரங்கி. "அவனும் பென்ஷன்லதான் சாப்பிடுறான்."

அவள் தலையாட்டினாள். அடுத்த விடுமுறை நாளில், மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, மருந்துப்பெட்டியைப் பார்க்கப் போனாள்.

அவர் இப்போது ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளர். ஆள் நரைத்துப் போயிருந்தார். ஒரு பெரிய கறுப்பு நாயை மேசைமேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "அண்ணி! நீங்களா! அண்ணன் எப்படி இருக்காரு?" என்று முகம் மலர்ந்தவர், அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அப்படியே வாடிப்போனார். பிடி தளர்ந்து, நாய் துள்ளிக் குதித்து ஓடியது. அதைப் பிடிக்கிற சாக்கில் வெளியே போனவர் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது.

"பொய்யா அறிக்கை எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கணும் அண்ணி. அதானே?"

"ஆமா."

"என் பென்ஷனை நிறுத்திடுவாங்க. வீட்டுல அவளுக்கு வாரம் ரெண்டு தடவை சிறுநீரகத்துக்கு வைத்தியம் நடக்குது. அந்த இலவச வைத்திய அட்டையும் பென்ஷனோட சேர்ந்ததுதான்."

"வேணாம் தம்பி. நான் வந்ததை மறந்துடுங்க," என்று எழுந்தாள். பேருந்தில் உட்கார்ந்து, யார்மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். குமாஸ்தாமேல் பட முடியவில்லை. மருந்துப்பெட்டிமேலும் பட முடியவில்லை. கோபப்பட ஒரு ஆள்கூட இல்லாத எரிச்சல் மாதிரி ஒரு எரிச்சலை அவள் அதற்கு முன் பட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து, குமாஸ்தா அவள் கவுண்டருக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க சாட்சி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரும்மா. மூணு பக்கம். பச்சை மையில சான்றொப்பத்தோட."

உதவித்தொகை அனுமதியாகி வந்தது. காது போன நாளிலிருந்து இல்லை, விண்ணப்பித்த நாளிலிருந்துதான். இருபது வருடம் காற்றோடு போயிற்று. காதுக் கருவியும் வந்தது. அதே வாரத்தில் மருந்துப்பெட்டிக்கும் ஒரு கடிதம் போயிற்று. விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படுகிறது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் அளிக்கவும் என்று.

அந்தச் செய்தியை அவரே தொலைபேசியில் சொன்னார். "பரவாயில்ல அண்ணி, சமாளிச்சுக்கலாம்," என்றார். அவர் குரல் சமாளிக்கிற குரலாக இல்லை. பீரங்கியிடம் இனி எதை மறைப்பது? எதிரே உட்கார்ந்து, தான் அங்கே போனது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கிளம்பு."

"இன்னைக்கா? மணி மூணாச்சு. நாலு மணிக்குக் கவுண்டரைச் சாத்திடுவாங்க."

அவர் ஏற்கனவே தெருவில் இறங்கியிருந்தார்.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். வழக்கம்போல அவள் முன்னால் போகப் பார்த்தாள். அவர் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, தானே கண்ணாடிக்கு எதிரே போய் நின்றார். குமாஸ்தா குனிந்து எதையோ தேடிக்கொண்டே பேசினார். உதடு தெரியவில்லை. அவருடைய பழைய வழக்கப்படி இந்த இடத்தில் ஒரு சிரிப்பும் ஒரு "அதானே"யும் வர வேண்டும்.

"சார், தலையைத் தூக்கிப் பேசுங்க," என்றார் பீரங்கி. "எனக்குக் காது கேக்காது."

கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே, இதை அன்றைக்கு அந்த டாக்டரிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று பல்லைக் கடிக்கவும் தோன்றியது.

"எனக்குப் பதினாறாவது வருஷமே காது போச்சு. ஏமாத்தினது நான். அந்தப் பையனை ஏமாத்தச் சொன்னதும் நான். நான் சீனியர், அவன் சின்னவன். என் பேச்சை மீற மாட்டான். பிடிக்கிறதா இருந்தா என் பென்ஷன்ல பிடிங்க. இதை எங்க எழுதித் தரணும்?"

குமாஸ்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக, வேண்டியது எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொன்னார். வாக்குமூலம், இரண்டு நகல், பச்சை மைச் சான்றொப்பம், அனுப்ப வேண்டிய அதிகாரியின் பெயர். சொன்னதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். மாடியில் இருக்கிற அதிகாரி ஐந்து மணிவரை இருப்பார், இன்றே சான்றொப்பம் வாங்கிவிடலாம் என்றும் சொன்னார்.

விசாரணை நான்கு மாதம் இழுத்தது. இதற்கிடையே மருந்துப்பெட்டியின் மனைவியின் வைத்தியத்துக்கு, பீரங்கியின் புது உதவித்தொகை மாதம் தவறாமல் போயிற்று. அதற்காகத்தான் இத்தனை நடை நடந்தோமா என்று அவளுக்கு ஒவ்வொரு மாதமும் வயிறு எரியும். ஆனால் ஒவ்வொரு மாதமும் தபால் நிலையத்துக்குப் போய் அனுப்பிவைத்தது அவள்தான். கடைசியில், தனக்கென்று ஆதாயம் எதுவும் பெறவில்லை என்பதாலும், பீரங்கியின் வாக்குமூலத்தாலும், மருந்துப்பெட்டியை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். நிறுத்திவைத்த ஓய்வூதியம் மொத்தமாக வந்து சேர்ந்தது. ஏமாற்றச் சொன்னேன் என்று எழுதிக்கொடுத்த பீரங்கிக்கு எச்சரிக்கைகூட வரவில்லை. அவர்மேல் நடவடிக்கைக்கு அனுப்பிய வாக்குமூல நகல் வேறொரு பிரிவின் கோப்பில் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார்.

எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மருந்துப்பெட்டி வீட்டுக்கு வந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருமே அழுதார்கள். அவள் கொண்டுவந்து வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கருவியை மாட்டலியா?" என்று மருந்துப்பெட்டி காதைத் தொட்டுக் காட்டினார்.

"மாட்டினேன்டா. ஒரே இரைச்சல். ஃபேன் கத்துது, குழாய் கத்துது, செய்தித்தாளைத் திருப்பினா அதுவும் கத்துது. எல்லாரும் இதுலதான் இத்தனை வருஷமா குடித்தனம் பண்றீங்களா?"

"பெட்டியில பத்திரமா வச்சிருக்காரு தம்பி," என்றாள் அவள், இரண்டு பேருக்கும் தெரியும்படி நடுவில் வந்து நின்று. "மூணு மாசமா தினமும் மாட்டினாருன்னு பதிவேட்டுல எழுதணுமாம். இல்லைனா கருவியைத் திருப்பி வாங்கிப்பாங்களாம். நாளன்னிக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, நான் இப்ப என்னத்தை எழுதுறது?"

"அண்ணி," என்றார் மருந்துப்பெட்டி மெதுவாக, "பென்சில் இருக்கா?"

"உதை வாங்குவீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கணவரின் தலையைப் பிடித்துத் திருப்பி, கருவியைத் தானே அவர் இடது காதில் மாட்டினாள்.